பூட்டுக்கு முன்னே பால் காய்ச்சியது

ஜூலை 2, புதன்

டைல்ஸ் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்று கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் பெட்டி நேற்று உறைந்து நின்றுவிட்டது. பெட்டி என்றால் நாங்கள் இங்கே கோயம்புத்தூரில் செய்து விற்கும் சேமிப்புப் பெட்டி. ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களெல்லாம் அதற்குள்தான் இருக்கும். உள்ளே ஓடும் இயங்குதளமும் எங்களுடையதே. அதில் ஃபைல்களை அடுக்கி, எடுத்து, பாதுகாக்கும் பகுதிக்கு நான் பொறுப்பு. கரண்டு போய்த் திரும்ப வந்ததும் பெட்டி எழுந்திருக்கிறது, கொஞ்சம் ஓடியிருக்கிறது, பிறகு அசையவில்லை. ஆபரேஷன் மேஜையில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு ஸ்கேன் படத்துக்காக டாக்டர் காத்திருந்தாராம். நல்லவேளை, அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் போட்ட சத்தம் மட்டும் எங்கள் ஆபீஸ் வரை வந்து சேர்ந்துவிட்டது.

மீட்டிங்கில் மாதேஸ்வரன் சார் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அவர்தான் எங்கள் தலைமை. ஈரோட்டில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கம்பெனி ஆள் குழந்தைவேல். விதி ரொம்பச் சுலபம்: திரையில் பச்சை விளக்கு வரும்வரை ஸ்கேன் மெஷினைப் பெட்டியோடு இணைக்கக் கூடாது.

"பச்சை வர்றதுக்குள்ள அவருக்கு டீக்கு நேரமாயிருக்கும். இணைச்சு விட்டுப்போட்டுக் கெளம்பியிருப்பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எச்.ஆர். அம்மாகூடச் சிரித்தார், அது அபூர்வம்.

குழந்தைவேல் நேற்றும் கூப்பிட்டார், இன்றும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. எடுத்தால் ஆஸ்பத்திரி கேன்டீன் போண்டாவில் ஆரம்பித்து அரை மணி நேரம் பிடிப்பார். அவர் எண்ணை என் போனில் என்ன பெயரில் வைத்திருக்கிறேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஜூலை 3, வியாழன்

பெட்டி சாகும் முன் எழுதி வைத்த பதிவுகள் வந்தன. பெட்டிக்குள் ஓடும் ஒரு வேலை ஒரு பூட்டுக்காகக் காத்திருந்து அப்படியே நின்றிருக்கிறது. இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எழுதிக் குளறுபடி செய்யக் கூடாது என்பதற்காக நிரலில் போடும் பூட்டு. ஒருவர் முடித்துத் திறந்தால் அடுத்தவரை எழுப்பி உள்ளே விடும். சரி, பூட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஒருவரும் இல்லை.

யாரிடமும் இல்லாத பூட்டுக்கு எதற்கடா காத்திருக்கிறாய்?

ஜூலை 4, வெள்ளி

ஆபீஸில் இருக்கும் சோதனைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். ஒவ்வொரு தடவையும் சமத்தாக எழுந்து ஓடுகிறது. பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

வீட்டு விஷயம். திங்கட்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். பெயின்ட் பாதிதான் ஆகியிருக்கிறது, குழாய்களில் பாதிக்குத் தலை இல்லை, கதவுகள் நிற்கின்றன, எதிலும் பூட்டு இல்லை. ஆசாரி வருகிறேன், வருகிறேன் என்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்றேன். என் கணவர் பூபதி என்னை ஏதோ வேற்று நாட்டுக்காரியைப் போலப் பார்த்தார்.

"ஆடி பொறந்துட்டா அப்பறம் ஆவணிதான் பொற்கொடி. பாலக் காச்சிப்போட்டமுன்னா வேலை பின்னாடி அது பாட்டுக்கு நடக்குது. ஊரு முழுக்க அப்படித்தான் பண்றாங்க."

ஊர் முழுக்க அப்படித்தான் செய்கிறது, உண்மை. என் அக்கா வீட்டில் பால் காய்ச்சியபோது மாடிப்படியே இல்லை.

ஜூலை 7, திங்கள்

பால் பொங்கியது. புகை கண்ணில் ஏறியது. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வீடு முழுக்கக் கூட்டம். பூட்டு இல்லாத வீட்டுக்குள் எல்லோரும் எல்லா அறைக்கும் போய் வந்தார்கள், என் அலமாரியையும் திறந்து பார்த்தார்கள். பூபதியின் சித்தப்பா சென்னியப்பன் ஒரு வாரம் தங்குவதாக அறிவித்துவிட்டார். நான் சிரித்த முகமாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

குழந்தைவேலை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. அது பெயருக்குத்தான் விசாரணை, அன்றோடு அவரை அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எச்.ஆர். அறிக்கையில், 'பச்சை விளக்கு வருமுன் அவசரப்பட்டு இணைத்ததாக அலுவலகத்தில் கருத்து நிலவுகிறது' என்று இருக்கிறது.

கருத்து நிலவுகிறதாம். யார் கருத்தோ. இப்படியா ஓர் அறிக்கையை எழுதுவார்கள்?

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. புது வீட்டில் தூசி அதிகம், அதனால் இருக்கும்.

ஜூலை 9, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வேலைக்காரர்கள் வந்து போகிறார்கள், பாத்திரம் பண்டமெல்லாம் பின் அறையில் கிடக்கிறது, அதற்காவது பூட்டு மாட்டுங்கள் என்று பூபதி கெஞ்சியதில் ஆசாரி இன்று வந்துவிட்டார். கதவு சாத்தியிருந்தது. வெளிப்பக்கம் நாதாங்கி அடித்தார், புதுப் பூட்டை மாட்டினார், சரியாக விழுகிறதா என்று பூட்டிப் பார்த்தார், சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பல்லடத்தில் இன்னொரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

சித்தப்பா உள்ளே கொக்கியைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு அதிர ஆரம்பித்தது. "ஏ அம்மிணி! கொக்கியத் தொறந்துட்டேன், கதவு வரமாட்டேங்குது! என்னைய எதுக்கு உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கறீங்கோ?"

ஆசாரியின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருப்பார். சித்தப்பாவுக்கு ஜன்னல் வழியாக முறுக்கும் தண்ணீரும் கொடுத்தோம். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே எங்கள் இருவர் வம்சத்தையும் திட்டினார்.

"உள்ள ஆள் இருக்குதான்னு பாக்காம எவனாவது பூட்டு மாட்டுவானா?" என்று பூபதி குதித்தார்.

"பூட்டு மாட்டறதுக்கு முன்னாடி ஆளை உள்ள விட்டது யாருங்க?" என்றேன்.

சொன்னதும் ஈரோட்டுப் பெட்டி ஞாபகம் வந்தது. பிறகு சிமெண்ட் மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார், நான் நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். என்னை நல்ல மருமகள் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

பெட்டி எழும்போது டிஸ்க்குக்கு ஓர் அடையாளத்தை உருவாக்கிப் பொதுப் பட்டியலில் சேர்க்கும். சேர்த்ததும் திரையில் பச்சை வரும், யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். அந்த டிஸ்க்கின் பூட்டைத் தயார் செய்யும் வரி எங்கே இருக்கிறது? பட்டியலில் சேர்த்த பிறகு இருக்கிறது! இரண்டுக்கும் நடுவில் பழுது பார்க்கும் வேலை. சாதாரண நாளில் அது கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். கரண்டு போன நாளில் டிஸ்க் முழுவதையும் சரிபார்க்கும், படங்கள் நிறைந்த டிஸ்க் என்றால் ரொம்ப நேரம் எடுக்கும். என் சோதனைப் பெட்டியில் டிஸ்க் காலி, அதனால்தான் மாட்டவில்லை. அந்த இடைவெளியில் ஸ்கேன் மெஷின் வந்து எழுத ஆரம்பிக்கிறது. இன்னொரு வேலை அதன் பின்னால் காத்திருக்கிறது. அப்போது பூட்டைத் தயார் செய்யும் வரி சாவகாசமாக வந்து, 'பூட்டு யாரிடமும் இல்லை, யாரும் காத்திருக்கவில்லை' என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. காத்திருந்தவன் காத்திருக்கிறான். அவனை எழுப்ப வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

ஆசாரி பொழுது சாயத்தான் வந்தார். சித்தப்பா மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தியூர் பஸ் ஏறிவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

நடுவில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைப் போட்டு ஓட்டினேன். முதல் தடவையே பெட்டி உறைந்தது. கை தட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திருத்தம் மிகச் சின்னது. பூட்டைத் தயார் செய்யும் வரியை மேலே கொண்டுபோய், பட்டியலில் சேர்ப்பதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். பூட்டு முதலில், ஆள் பிறகு. பச்சை தாமதமாகத்தான் வரும், வரட்டும்.

ஆக, குழந்தைவேல் பச்சை வந்த பிறகுதான் இணைத்திருக்கிறார். வராமல் இணைக்கவே முடியாது, அப்போது டிஸ்க்கே வெளியில் தெரியாது. இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். வேலை அதிகம்.

ஜூலை 11, வெள்ளி

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் திருத்தம் போட்டாலும் அது எந்தப் பழைய மாற்றத்தின் தவறைச் சரிசெய்கிறது என்று குறிப்பில் எழுத வேண்டும், அதைச் செய்தவர் பெயரோடு. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைச் சத்தமாக வாசிப்போம். யாரையும் திட்டுவதற்கு இல்லை, மறக்காமல் இருப்பதற்கு. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் மாதேஸ்வரன் சார்.

பட்டியலில் சேர்க்கும் வரியை மேலே ஏற்றியவரும் அவரே.

அவர் அறைக்குப் போனேன். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். கையில் இருந்த உருண்டை வாய்க்குப் போகாமல் டப்பாவுக்கே திரும்பிப் போனது.

"நாந்தான். என்ற கை வேலைதான்" என்றார். "கண்காட்சிக்குப் பெட்டியக் கொண்டு போனப்ப பச்சை வர லேட்டாச்சு. வந்தவங்க ஒரு நிமிஷம் பாத்துப்போட்டு நகந்து போயிட்டாங்க. சீக்கிரம் வரட்டும்னு மேல ஏத்துனேன்."

"பூட்ட ஏத்தலீங்களே சார்."

"ஆமா. பூட்ட ஏத்தல." டப்பாவை மூடினார். "திருத்தத்தப் பேட்சாப் போட்டுரு பொற்கொடி. 'வரிசைச் சீரமைப்பு'ன்னு போடு போதும். பேரு வேண்டாம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரங்களும் வர்றாங்க. இந்த நேரத்துல என்ற பேரு வந்துச்சுன்னா கம்பெனியே ஆடிப் போயிரும். விசாரணை முடியட்டும், அப்பறம் சாவகாசமா எழுதிக்கலாம்."

"விசாரணை முடிஞ்சா குழந்தைவேல்..."

"அவருக்கு வேற எடத்துல நானே சொல்லி விடறேன்."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

ஜூலை 12, சனி

'வரிசைச் சீரமைப்பு' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து மூடினேன். ஒட்டடை அடித்தேன். புது வீட்டில் ஏது ஒட்டடை? பூபதி, "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாமல்தான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன்.

தவறு என்ற சொல்லே இல்லாமல் பேட்ச் போனால் பெட்டி சரியாகிவிடும். குழந்தைவேல் மட்டும் தவறாக மிஞ்சுவார்.

கடைசியில் அவரைக் கூப்பிட்டேன். உண்மையான பெட்டியில் சோதிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் இருக்கும் அதே ரகத்தில், படங்களின் நகலோடு உபரிப் பெட்டி ஒன்று அவரிடம் இருக்கிறது, அதற்காகத்தான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. போனை எடுக்காத ஆட்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் அவரே கூப்பிட்டார். எடுத்தேன்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், மாமனார் வீட்டுல இருந்தேன். எல்லாரும் இருந்தாங்க, பேச முடியல. வேலை போன விஷயம் யாருக்கும் தெரியாதுங்க. தெனமும் கம்பெனிச் சட்டையப் போட்டுட்டுக் கெளம்பி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வர்றேன்."

பச்சை வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சுங்க. வந்த ஒடனே இணைக்கலீங்க. ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வந்துதான் இணைச்சேன்."

டீ என்றதும் பேச்சை மாற்றினேன். உபரிப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்குதுங்க. அட்டைய வாங்குனாங்க, பெட்டிய மறந்துட்டாங்க. நாளைக்கு எடுத்துட்டு வரட்டுங்களா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஏதோ நான் அவருக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

ஜூலை 14, திங்கள்

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். கம்பெனிச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. வாசலில் செக்யூரிட்டி அவரை விருந்தாளி நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார்.

பழைய நிரலை ஏற்றி, கரண்டைப் பிடுங்கி, திரும்பக் கொடுத்தோம். பச்சை வந்தது. இணைத்தோம். உறைந்தது. ஈரோட்டில் நடந்தது அப்படியே. பிறகு என் திருத்தத்தை ஏற்றினோம். பிடுங்கு, சொருகு, இணை. பிடுங்கு, சொருகு, இணை. பச்சை நிதானமாக வந்தது, வந்த பிறகு நிற்கவே இல்லை. மத்தியானம் வரைக்கும் விடாமல் செய்தோம்.

என் போனைக் காணோம். வயர்களுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. தேடிக்கொண்டிருந்தேன்.

"இருங்க மேடம், அடிச்சுப் பாக்கறேன்" என்று அவர் தன் போனை எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தார். அதில் 'ஈரோட்டுத் தொல்லை' என்று இருந்தது.

 அடிக்க விட்டே பார்த்தார். பிறகு தன் போனில் கட் செய்துவிட்டு என்னுடையதை என்னிடம் நீட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்குப் பச்சை வந்துருச்சுங்க. ஆனா டிஸ்க் உள்ள இன்னும் ஓடற சத்தம் கேட்டுச்சு. இணைக்கலாமா வேண்டாமான்னு கேக்கத்தானுங்க ஒங்களக் கூப்பிட்டேன். எடுக்கல. திருப்பிக் கூப்பிடுவீங்கன்னு ஒரு டீயக் குடிச்சேன். அதுக்குள்ள மேல இருந்து டாக்டர் சத்தம் போட்டாரு, இணைச்சுட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். பெட்டியின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நான் உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். பூட்டு தயாராகும் முன்னரே டிஸ்க் வெளியில் தெரிந்ததால் பெட்டி உறைந்தது, இது தவறு, இணைத்தவர் மேல் பிழையில்லை. திருத்தப்படும் மாற்றத்தைச் செய்தவர்: மாதேஸ்வரன். சோதித்தவர்: குழந்தைவேல். முதலில் சொல்ல முயன்றவர்: குழந்தைவேல், ஜூலை 1, தொலைபேசியில். எடுக்காதவர்: பொற்கொடி.

கடைசி வரிக்கு எங்கள் பழக்கத்தில் இடம் கிடையாது. போட்டுவிட்டு, ஆபீஸ் முழுவதற்கும் அனுப்பினேன். மாதேஸ்வரன் சார் அறைக் கதவு சாயங்காலம் வரை திறக்கவில்லை. இரண்டு தடவை எழுந்து போய் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

விசாரணை. எச்.ஆர். அம்மா அறிக்கையை எடுத்தார். 'அலுவலகத்தில் கருத்து நிலவுகிறது' என்ற இடம் வந்ததும், "அது நான் அடிச்ச ஜோக்குங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாதேஸ்வரன் சார் கையில் என் குறிப்பு. என்னைப் பார்க்கவே இல்லை. "நேத்து திங்கக்கெழமை. வாசிக்காம விட்டுட்டேன். இப்ப வாசிக்கறேன்" என்று எழுந்து நின்று, ஒரு வரி விடாமல், தன் பெயரையும் விடாமல் வாசித்தார். வாசித்து முடித்து, குழந்தைவேலின் அட்டையைத் தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

குழந்தைவேல் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

ஜூலை 16, புதன்

சார் என் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்.  பின் அறைச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்தாயிற்று.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இன்று ஈரோட்டில் புது நிரலை ஏற்றுகிறார்கள். காலையிலிருந்து போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணுக்குக் 'குழந்தைவேல்' என்று பெயர் மாற்றியாயிற்று. எதிலாவது சந்தேகம் கேட்பார், முதல் மணியிலேயே எடுக்க வேண்டும் என்று இருந்தேன். பாத்ரூமுக்கும் போனோடு போனேன்.

கூப்பிடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு மெயில் வந்தது, ஆபீஸ் முழுவதற்கும் பொதுவாக: 'பெட்டி சரியாக இயங்குகிறது.' அதில் போண்டா இல்லை, ஒன்றும் இல்லை.

நானே கூப்பிட்டேன். மணி கடைசி வரை அடித்து நின்றது.

திருப்பிக் கூப்பிடுவார் என்று ஒரு டீயைக் குடித்தேன்.